மூன்று மாதம் முடியும்வரை

"வெளியே யார்கிட்டயாவது வாயைத் தொறந்தே, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள் மாமியார், கழுவிய தட்டை டங்கென்று கவிழ்த்து வைத்து.

மருமகள் வேலைக்குக் கிளம்பி நின்றாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். கர்ப்பத்தின் இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது அந்த வீட்டின் சட்டம். போன முறை அவள் ஒரு சிநேகிதியிடம் சொல்லியிருந்தாள். பிறகு கரு கலைந்தது. அவள் நாக்குதான் காரணம் என்று வீடு முடிவு கட்டிவிட்டது.

"எங்க சீனியர்கிட்ட மட்டும் சொல்லிடறேன் அத்தை. எக்ஸ்ரே ரூம்லேர்ந்து மாத்திடுவார்."

"ஏன், சீனியருக்குக் கண்ணு இல்லையா?"

"எக்ஸ்ரே கதிர் பட்டா செல்லுக்குள்ள இருக்கற மரபணு இழை அறுந்துபோகும் அத்தை. உடம்பே அதை ஒட்டிக்கும். ஒட்டறப்போ தப்பா ஒட்டிட்டா, பல வருஷம் கழிச்சுப் புத்துநோயா வரலாம். வயித்துல வளர்ற பிள்ளைக்கு அந்த ஆபத்து நம்மளவிட ஜாஸ்தி."

"வரலாமா, வருமா?"

அங்கேதான் அவள் எப்போதும் மாட்டிக்கொள்வாள். பொய் சொல்லத் தெரியாது.

"வரும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான பிள்ளைங்கள்ல ஒண்ணு ரெண்டு பேருக்குக் கூடுதலா வரும்னுதான் கணக்கு. பட்ட அளவு கூடக் கூட அதுவும் கூடும். யாருக்குன்னு மட்டும் தெரியாது."

"படிச்சவளுக்கே தெரியலையாம்டா!" மாமியார் மகனைப் பார்த்துச் சிரித்தாள். "கண்ணு பட்டா என்னாகும்னு எனக்குத் தெரியும். போன தடவையே பாத்தாச்சு."

கணவன் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தான். "கதிரைத் தடுக்க ஈயக் கோட்டு போட்டுக்கறேல்ல? இன்னும் கொஞ்ச நாள்தானே. பல்லைக் கடிச்சுக்கோ."

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. தடித்த சுவர், கனத்த கதவு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நிற்கும்வரை பயமில்லை. ஆனால் அசையும் குழந்தைகளை எக்ஸ்ரே எடுப்பவளே பிடித்துக்கொள்வது அங்கே பழக்கமாகிவிட்டது. பெற்றவள் பிடித்தால் படம் ஆடிப்போகும் என்பார் சீனியர். மார்பில் குத்தியிருந்த பட்டையில் கதிரின் அளவு பதிவாகும். அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் படிப்பார்கள். அதுவரை அதுவும் வாயைத் திறக்காது.

உள்ளே வரும் பெண்களிடமெல்லாம் "கர்ப்பமா இருக்கீங்களா?" என்று கேட்பது அவள் வேலை. கேட்டுவிட்டு, தன் வயிற்றைப் பற்றி மட்டும் மௌனமாக இருந்தாள்.

மதியம் பக்கத்து வீட்டுக்காரி, கை முறிந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவளிடம் ஒன்றைச் சொல்வதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்று. குழந்தை வீறிட்டது.

"பாப்பாவைப் பிடிச்சுக்கம்மா, சட்டுனு எடுத்துடலாம்" என்றார் சீனியர் மருமகளிடம், பொத்தானருகே போய்.

அவள் ஈயக் கோட்டை எடுத்தாள். போடவில்லை. கையிலேயே கனத்தது.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மருமகள் அவள் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "நீ கர்ப்பமா இருக்கியா?"

"ஐயோ, இந்த ஒரு வாலே போதும்க்கா!"

"அப்ப இதைப் போட்டுக்கிட்டு நீயே பிடி. நான் பிடிக்கக் கூடாது. எனக்கு ரெண்டாம் மாசம்."

சீனியர் திரும்பினார். "இதை முதல்லயே சொல்றதுக்கென்னம்மா?" என்று கடிந்துகொண்டு, படம் எடுத்து முடிந்ததும் மருமகளை வெளியே சீட்டுக் கொடுக்கும் வேலைக்கு அனுப்பினார்.

சாயங்காலம் அவள் வருவதற்குள் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. மாமியார் கத்தவில்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

"இனிமே ஏதாவது ஆச்சுன்னா..."

"என்னாலதான். கதிர்னு யாரும் சொல்ல மாட்டீங்க, தெரியும்." அவள் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். "நல்லபடியாப் பொறந்தா யாரால அத்தை?"

கணவன் யாரையும் பார்க்கவில்லை.

வாசலில் பெண்களின் குரல் கேட்டது. விசாரிக்க வந்துவிட்டார்கள். மாமியார் தாழ்ப்பாளைப் போட விரைந்தாள். மருமகள் அவளுக்கு முன்னால் போய்க் கதவை அகலத் திறந்தாள்.

"ஆமா, ரெண்டாம் மாசம்தான். உள்ளே வாங்க."