பெயின்ட் ஒட்டிய ஜன்னல்

இன்ஷிரா ஜன்னல் கொண்டியைத் தூக்கினாள். கொண்டி வந்தது, கதவு வரவில்லை. அடுத்த ஜன்னலும் அப்படியே. கெய்ரோவிலிருந்து துணைச் செயலாளர் வந்து ‘தூய காற்று ஊழியரின் உரிமை’ என்ற திட்டத்தைத் தொடங்கிவைக்கிறார் என்பதால், எங்கள் நெஞ்சு மருத்துவமனைக் கூடத்துக்கு முந்தின நாள் அவசரமாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சட்டமும் கதவும் ஒரே உடம்பாகிவிட்டன.

நர்ஸ் இன்ஷிரா ஐந்து மாதக் கர்ப்பிணி. முன்வரிசையில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார் செங்கல் சூளைக்காரர் அப்துல் மக்சூத். ‘காசநோயிலிருந்து குணமானவர்’ என்ற தகுதியில் விருந்தினருக்குப் பூக் கொடுக்க வந்தவர். பார்த்ததுமே இன்ஷிரா அவருக்கு ஒரு மாஸ்க்கை மாட்டிவிட்டு, விழா அமைப்பாளர் ஷாக்கிரிடம் போனாள்.

“இவரை யாரு கூட்டிட்டு வந்தது?”

“நான்தான். லேப்ல கேட்டேன், பாசிட்டிவ்னாங்க. இந்த மாசம் நமக்கு வந்த ஒரே நல்ல செய்தி.”

“அந்தப் பாசிட்டிவ் வேற, உஸ்தாத். சளியில இன்னும் கிருமி இருக்குன்னு அர்த்தம்.”

ஷாக்கிர் தன் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “பேரை அச்சடிச்சாச்சே.”

அதற்குள் விருந்தினர் நுழைந்துவிட்டார். தூசிக்காற்று உள்ளே வராதபடி வாசல் கதவையும் சாத்தினார்கள். இயக்குநர் முஃபீத் கைகளை உயர்த்தினார். “படத்துல முகம் தெரியணும். எல்லாரும் மாஸ்க்கைக் கழட்டுங்க.”

இன்ஷிராவைத் தவிர எல்லோரும் கழற்றினார்கள். அப்துல் மக்சூதும் பணிவாகக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“உனக்குத் தனியாச் சொல்லணுமா, மகளே?” என்று இன்ஷிராவிடம் கேட்டார் இயக்குநர்.

“எனக்கு ஒண்ணுமில்ல, டாக்டர். உள்ள ஒண்ணு இருக்கு. அதுக்குன்னு தனி மாஸ்க் கிடையாது.”

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்து, ஊழியரின் ஒவ்வொரு மூச்சும் தன் மூச்சு என்று தொடங்கினார். இன்ஷிரா பையிலிருந்து கட்டுத்துணி வெட்டும் கத்தரியை எடுத்து ஜன்னல் இடுக்கில் செருகினாள். பெயின்ட் கிறீச்சிட்டது. அவர் குரலை உயர்த்தினார். அவள் அழுத்திக் கீறினாள்.

“பெயின்ட் போயிடும்,” என்று பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார் ஷாக்கிர்.

“போகட்டும்.”

மேல்பக்கம் விட்டது. இடதுபக்கம் விட்டது. முன்வரிசையில் அப்துல் மக்சூதின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவர் மேடையைப் பார்க்கவில்லை, அவள் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருமலை அடக்க வாயை இறுக்கி, பூங்கொத்தை முகத்தோடு அழுத்திக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. பூங்கொத்திலிருந்து இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன.

கீழ்ப்பக்கத்தில் இன்னும் ஒரு சாண் பாக்கி.