கடிதத்தில் செத்த அப்பா

தான் செத்து நான்கு வருடமாகிறது என்பதை ஓட்டுநர் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தபோதுதான் தெரிந்துகொண்டார். வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பின் இருக்கையில் வெளியூரிலிருந்து வந்த வயதான தம்பதி. அந்த அம்மா கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து முன்பக்கம் நீட்டினார்.

"இந்தப் பிள்ளையப் பாத்திருக்கீங்களா தம்பி? உங்க ஸ்கூல்லதான் படிக்குது. இவளப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

படத்தில் அவருடைய மகள். அளவு போதாத பழைய கவுன், எண்ணெய் படாத தலை, சிரிக்காத முகம். என் பிள்ளைதாம்மா என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாவே தொடர்ந்தார்.

"பாவம், அப்பா இல்லாத பிள்ளை. குடிச்சுக் குடிச்சே போய்ச் சேந்துட்டானாம் மனுஷன், நாலு வருஷமாச்சாம்."

ரயில் போய்விட்டது. கேட்டைத் தூக்கினார்கள். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஓட்டுநருக்கு எந்தக் காலால் எதை மிதிப்பது என்றே தெரியவில்லை.

அந்த ஊழிய நிறுவனத்தில் அவர் ஆறு வருடமாக வண்டி ஓட்டுகிறார். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றுதான் அவரும் எடுத்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்திலும் காட்டோரத்திலும் வீடு வீடாகப் போய் நற்செய்தி சொல்ல நிறுவனத்துக்கு அறுபது களப்பணியாளர்கள். முன்பெல்லாம் அவர்கள் படத்தை மாத இதழில் போட்டுத்தான் சபைகளிடம் ஆதரவு கேட்டார்கள். வழுக்கை விழுந்த ஊழியரின் படத்தைப் பார்த்து ஒருவருக்கும் கண் கலங்கவில்லை. பிறகுதான் பள்ளிக்கூடம் ஒன்று இருப்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு குடும்பம் என்று திட்டம் போட்டார்கள். குடும்பம் மாதாமாதம் பணம் அனுப்பும். பிள்ளை வருடத்துக்கு மூன்று கடிதம் எழுதும், ஒரு படம் போகும். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு என்று செலவானது போக மீதியில்தான் ஊழியர் சம்பளம், வண்டிக்கு டீசல், இதழ் அச்சு, நிர்வாகி பெரிய ஐயாவின் விமான டிக்கெட் எல்லாம். மூட்டை மூட்டையாக அந்தக் கடிதங்களைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரே ஓட்டுநர்தான். ஒட்டிய உறைக்குள் தன் சாவும் போகிறது என்று அவர் கண்டாரா?

மகளை அந்தப் பள்ளியில் சேர்த்த அன்று, நல்ல சட்டை வேண்டாம், பழையது இருந்தால் போடுங்கள் என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். நல்லது அழுக்காகிவிடும் என்ற அக்கறை என்று நினைத்துக்கொண்டார். இந்த வாரம் கேட்காமலே வியாழக்கிழமை லீவு கொடுத்தார்கள். அதையும் அக்கறை என்றுதான் நினைத்தார். இன்னொரு ஓட்டுநருக்குப் பல் வீங்கி முகம் பூசணியாகிப் போனதால், விருந்தினரை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர ஆளில்லை என்று வாட்ச்மேன் காலையில் போன் செய்தார். இவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். யாரையும் கேட்கவில்லை.

கேட்டைத் தாண்டி, டயர் கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டினார். திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மா, அந்தப் பிள்ளையோட அப்பா நான்தான். நான் குடிக்கறதில்ல. சாகவும் இல்ல."

இருவரும் முதலில் பயந்துபோனார்கள். யாரோ புத்தி பேதலித்தவன் வண்டியில் ஏறிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். அவர் லைசென்ஸை எடுத்து நீட்டினார். அந்த அம்மாவின் கணவர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி லைசென்ஸையும் தங்களுக்குப் பிள்ளை எழுதிய கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இருந்த பெயரும் லைசென்ஸில் இருந்த பெயரும் ஒன்றேதான்.

"இதுல உங்களுக்கும் பங்கு உண்டா?" என்று கேட்டார், மெதுவாக.

இப்போதுதான் தனக்கே தெரியும் என்றார் ஓட்டுநர். அவர்கள் நம்பினார்களா என்று சொல்ல முடியாது. அந்த அம்மா படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். கண் ஆபரேஷனை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டு இந்தப் பணத்தை அனுப்பியதாகவும், ஓட்டுநரின் மனைவியை விதவை என்று நினைத்து தினமும் முழங்காலில் நின்று ஜெபித்ததாகவும் சொன்னார். அழவில்லை. கோபத்தில் தாடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.

பெரிய ஐயா போர்டிகோவில் கைகூப்பியபடி நின்றிருந்தார். இறங்கியது யார், ஓட்டி வந்தது யார் என்று பார்த்ததும் கூப்பிய கை அப்படியே நின்றது. விருந்தினரைக் காப்பி கொடுத்து உட்காரவைக்கச் சொல்லிவிட்டு, ஓட்டுநரைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"உனக்கு லீவு குடுத்தேனே, ஏன் வந்தே?"

முதல் கேள்வியே அதுதான். நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள் என்றார் ஓட்டுநர். பெரிய ஐயா அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார், குரலைத் தாழ்த்தினார். அப்பா அம்மா இருவரும் இருக்கிற பிள்ளைக்கு ஒரு குடும்பமும் கையெழுத்துப் போடுவதில்லை, மூன்று மாதம் இவர் பிள்ளையின் படம் அப்படியே கிடந்தது, இரக்கப்பட்டுத்தான் மாற்றி எழுதினார்கள் என்றார்.

"இது பொய்யில்லப்பா, ஒரு வழி. அறுபது ஊழியருக்கு வீட்ல உல வைக்கணும். பிள்ளை மொகத்துக்குக் குடுக்கறாங்க, ஊழியத்துக்குக் குடுக்க மாட்டேங்கறாங்க. நான் என்ன செய்ய?"

"நான் செத்தாத்தான் உங்க ஊழியம் பொழைக்குமா ஐயா?"

"வார்த்தைய அளந்து பேசு. உன் பிள்ளை படிப்பு யார் போட்ட பிச்சை?"

"அதத்தான் கேக்கறேன். செத்தவன் பேரச் சொல்லித்தானே அந்தப் பிச்சையும் எடுத்தீங்க?"

கதவை அவரே திறந்துகொண்டு வெளியே வந்தார். நேராகக் கடிதப் பிரிவுக்குப் போனார். அங்கே ஒரு பெண், நூற்று நாற்பது பிள்ளைகளின் கடிதங்களுக்கும் பொறுப்பு. பிள்ளைகள் கடித அக்கா என்று கூப்பிடுவார்கள். மகளின் கோப்பைக் கேட்டார். மறுக்காமல் எடுத்துக் கொடுத்தாள். நின்றபடியே புரட்டினார். முதல் கடிதத்தில் குடித்து ஈரல் கெட்டுச் செத்திருந்தார். மூன்றாவதில் குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்திருந்தார். ஏழாவது கடிதத்தில் சாகும் தறுவாயில் மனம் திரும்பி, மகளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருந்தார். சாகடித்ததுகூடப் போகட்டும். ஒரு சொட்டு வாயில் படாதவரைக் குடிகாரனாக்கி, அவர் பிள்ளையின் கையாலேயே எழுத வைத்திருக்கிறார்கள்.

"இப்படி எழுத உங்களுக்குக் கை வந்ததா?" என்று கேட்டார்.

கடித அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க சொந்தத்துல செத்தவங்க எல்லாரையும் எழுதித் தீர்த்துட்டேண்ணே. அப்புறம் என் கற்பனைல வந்தத எழுதினேன். வருஷத்துக்கு நானூத்தி இருபது கடிதம்."

அதற்குள் விருந்தினருக்குக் காட்ட மகளை வகுப்பிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். பதினொரு வயது. வீட்டில் அவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்கமாட்டாள். அன்று தூணை ஒட்டி அசையாமல் நின்றாள். ஓட்டுநர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உனக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"போர்டுல எழுதிப் போடுவாங்கப்பா. அவங்கவங்களோடத நாங்க பாத்து எழுதணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சண்ட போடுவீங்க. உங்க வேல போயிடும்னு அம்மா சொன்னாங்க."

அதுதான் அவரை உடைத்துப் போட்டது. லாண்டரியில் பகல் முழுக்க நின்று இஸ்திரி போடும் மனைவி, தாலி கட்டியவன் உயிரோடு இருக்க, வருடக்கணக்காகக் காகிதத்தில் விதவைப் பட்டத்தைச் சுமந்திருக்கிறாள். இந்தக் குருவித் தலையும் சேர்ந்து சுமந்திருக்கிறது. வீட்டில் வாயில்லாதவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தார். அவரைக் காப்பாற்ற மற்ற இருவரும் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். யார் மேல் கோபப்படுவது? வண்டிச் சாவியைப் பெரிய ஐயாவின் மேசையில் வீசினார். அது வழுக்கிக்கொண்டு போய்க் கீழே விழுந்தது, எடுத்துக் கொடுக்கவில்லை. மகளின் பையைத் தோளில் மாட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு நடந்தார். அந்த அம்மா வரவேற்பறை ஜன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்த்தபடி இருந்தார். எழுந்து வரவில்லை.

அன்று வீட்டில் நடந்த சண்டையை விவரித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: ரோஷத்தைக் கொண்டுபோய் எந்தக் கடையில் அரிசி வாங்குவது? இரண்டு வாரம் கழித்து அவர் சிமென்ட் கலவை லாரி ஓட்டப் போனார். குருவி இரண்டு பஸ் மாறி அரசுப் பள்ளிக்குப் போனாள்.

தபால் துறையில் ஓய்வுபெற்ற அந்த விருந்தினர் சும்மா இருக்கவில்லை. மாத இதழின் பின்னட்டையில் அச்சிட்டிருந்த ஆதரவாளர் முகவரிகளை வைத்து மற்ற குடும்பங்களுக்கெல்லாம் எழுதிவிட்டார். பாதிப் பேர் நிறுத்திக்கொண்டார்கள். களப்பணியாளர்களின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. அவர்களில் ஒருவர் ஓட்டுநரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். கடைத்தெருவில் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிள்ளைகளின் பெற்றோர் சிலர் வீட்டுக்கே வந்து, எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாய் என்று திட்டினார்கள். அவர் கதவைச் சாத்தாமல் நின்று கேட்டுக்கொண்டார்.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். மீன் வெட்டும் கூடத்தில் வேலை. திட்டவில்லை.

"என் வீட்டுக்காரர் நெஜமாவே செத்தவருண்ணே. கடல்ல போனவர் வரல. இப்போ என் பையனுக்கும் நிறுத்திட்டாங்க. பொய்யின்னு சொல்றாங்க."

அந்த வார்த்தையில் ஓட்டுநருக்கு வந்த ஆத்திரம் இதுவரை வந்ததையெல்லாம் சின்னதாக்கிவிட்டது. அவரைச் சாகடித்தவர்கள், நிஜமாகச் செத்தவர்களையும் பொய்யாக்கிவிட்டார்களே. ஒரு நாள் லீவு போட்டு அவளோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். மூன்று வரிசை மாறி, இரண்டு கையெழுத்துக்கு அலைந்து, மத்தியானத்துக்கு மேல், முன்பே பதிவாகியிருந்த இறப்புக்குச் சான்று கிடைத்தது. அங்கிருந்து நேராக நிறுவனத்துக்கு. பெரிய ஐயா, இந்த விஷயத்தில் உனக்கு என்ன சம்பந்தம் என்றார்.

"செத்தவர் சார்பா வந்திருக்கேன்" என்றார் ஓட்டுநர். "எனக்கு அதுல நாலு வருஷ அனுபவம்."

பையனுக்குப் பணம் அனுப்பிய குடும்பத்துக்குச் சான்றின் நகலோடு உண்மையை மட்டும் எழுத வேண்டும், எழுதியதைப் பையனின் தாய்க்குப் படித்துக் காட்ட வேண்டும், அதுவரை நகரமாட்டோம் என்று இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கடித அக்காதான் எழுதினாள். நான்கே வரி. படித்துக் காட்டினாள். மீன் கூடத்துப் பெண் கேட்டுவிட்டு, கடலுக்குப் போன நாள் தவறாக இருக்கிறது, செவ்வாய் இல்லை, புதன் என்றாள். திருத்தினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பையனுக்கு மீண்டும் பணம் வந்தது. விட்டுப்போன மாதங்களுக்கு வரவில்லை. பெரிய ஐயா இன்றும் பெரிய ஐயாதான். ஆண்டுக் கூட்டத்தில், நடந்ததெல்லாம் சாத்தானின் சோதனை என்று ஒரு மணி நேரம் பேசினாராம். ஓட்டுநர் அதைக் கேள்விப்பட்டபோது லாரியின் கலவை உருளையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை அணைக்காமல், சிமென்ட் ஒட்டிய இடத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். கூட வேலை செய்பவர், போதும் அண்ணே, பெயின்ட் போய் இரும்பே தெரியுது என்றார். அவர் நிறுத்தவில்லை.