அழித்துவிட்டுக் கொடுத்த பதில்கள்

கல்லூரி நூலகத்தின் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, உளவியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கணினியில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டிக்கொண்டிருந்தாள். கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் ‘ஒருபோதும் இல்லை’, அதற்கு ஒன்று. கடைசிக் கட்டம் ‘எப்போதும்’, அதற்கு ஐந்து. மதியம் இரண்டரை மணி ஆகியும் ஐந்து என்ற எண்ணைத் தொட அவளுக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை.

கல்லூரி நீச்சல் அணியின் போட்டி பயத்தைப் பற்றியது அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. இருபத்து நான்கு பேர், முப்பது கேள்விகள். மறுநாள் அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். பயத்தைப் பற்றிய ஆய்வில் பயமே இல்லாத பதில்களாக வந்து விழுவது அவளுக்கு லேசாக உறுத்தியது. ஆனாலும் வேலை சீக்கிரம் முடிகிறதே என்று தட்டிக்கொண்டே போனாள். கடைசி நாள் நெருங்கும்போது நாம் எல்லோரும் செய்வதுதான்.

அந்தத் தாள்கள் எப்படி வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீச்சல் பயிற்சியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் விசில். அவர் ஒரு தடவை ஊதினால் குளத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல, வேலிக்கு வெளியே சைக்கிளில் போகிறவர்களும் காலை ஊன்றி நின்றுவிடுவார்கள். நம் மாணவியும் நடுங்கிக்கொண்டேதான் அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கையை நீட்டினார்.

“குடுத்துட்டுப் போம்மா. நானே பக்கத்துல உக்காந்து எழுத வெச்சு வாங்கித் தரேன்.”

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. ‘பெயர் எழுத வேண்டாம், உங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்’ என்று ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தாள். தப்பு வந்தால் திருத்திக்கொள்ளட்டும் என்று ரப்பர் வைத்த பென்சில்களாகப் பார்த்து வாங்கியிருந்தாள். இவ்வளவையும் யோசித்தவள், அந்தக் கட்டைத் தூக்கி யார் கையில் கொடுக்கிறோம் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இப்போது ஒன்பதாவது தாளைத் திருப்பினாள். ஜன்னல் வெயில் காகிதத்தின் மேல் சாய்வாக விழுந்தது. பதினான்காவது கேள்வி: ‘உடம்புக்கு முடியாதபோதும் பயிற்சியாளரிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறேன்.’ ஒருபோதும் இல்லை என்ற கட்டத்தில் டிக். ஆனால் நான்காவது கட்டத்தில், ‘அடிக்கடி’ என்ற இடத்தில், காகிதம் சொரசொரப்பாக இருந்தது. தாளைச் சாய்த்துப் பார்த்தாள். அங்கே போட்டு அழித்த டிக் ஒன்றின் தடம் தெரிந்தது.

பழைய தாள்களை மறுபடியும் எடுத்தாள், மீதித் தாள்களையும் பிரித்தாள். ஒன்றில் இல்லை. அடுத்ததில் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. எண்ணி முடித்தபோது பதினோரு பேர் அதே கேள்வியில் முதலில் உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகு அழித்திருந்தார்கள்.

பத்தொன்பதாவது தாளில் பதினான்காவது கேள்வி சுத்தமாக இருந்தது. கடைசியில், ‘வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்’ என்று விட்டிருந்த இடம்தான் கசங்கியிருந்தது. யாரோ பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதி, அதே வேகத்தில் அழித்திருக்க வேண்டும். கரி போயிருந்தது, பள்ளம் போகவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

‘தண்ணிக்குள்ள கண்ணு இருட்டுது. ரெண்டு தடவ ஆயிடுச்சு. சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவாரு.’

அன்று நாலு மணிக்குத்தான் அந்த வருடப் போட்டிகளுக்கான அணித் தேர்வு. விசில் எப்போதும் மூச்சடக்கிச் சுற்றில்தான் ஆரம்பிப்பார். ஐம்பது மீட்டர், தண்ணீருக்கு அடியிலேயே, ஒரு மூச்சுகூட எடுக்காமல் போக வேண்டும். நடுவில் தலை வெளியே வந்தால் அத்தோடு அந்த வருடம் போச்சு.

தாளை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியையிடம் ஓடினாள். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

“அழிச்சிட்டாங்க இல்ல? அப்ப அது பதில் இல்ல. டிக் எங்க இருக்கோ அத மட்டும் போடு.”

“மேடம், இது மார்க் விஷயம் இல்ல. இன்னும் ஒரு மணி நேரத்துல இவங்க தண்ணில எறங்கப் போறாங்க.”

“இவங்கன்னா யாரு?”

“தெரியல மேடம். பேர் இல்ல.”

“பேர் இல்லாம யார்கிட்ட போய் என்ன சொல்லுவ? ரகசியம்னு அச்சடிச்சுக் குடுத்துட்டு இப்ப கோச்கிட்ட போய்ச் சொன்னா உன் ப்ராஜெக்டே செல்லாது. மூணு வருஷம் கஷ்டப்பட்டிருக்க. எல்லாரும் நல்லா நீந்தற பசங்கம்மா, ஒண்ணும் ஆகாது. போய் வேலையப் பாரு.”

அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு அது காகிதம், அவ்வளவுதான். மாணவி நூலகத்துக்குத் திரும்பி வந்து பத்தொன்பதாவது வரிசையில் ஒன்று என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். அணியில் அவளுக்குத் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கேண்டீனில் எப்போதும் சத்தமாகச் சிரிக்கும் அந்த உயரமான பெண்ணா? காதில் தண்ணீர் போனதென்று ஒற்றைக் காலில் குதிப்பானே, அவனா? யாராக இருந்தாலும் அந்த ஆள் இப்போது உடை மாற்றிக்கொண்டிருப்பார். ஏதாவது நடந்துவிட்டால், முன்கூட்டியே தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. கணினியை மூடக்கூட இல்லை, ஓடினாள்.

முதல் எட்டுப் பேர் குளத்தின் விளிம்பில் மேடைகளின் மேல் குனிந்து நின்றார்கள். மற்றவர்கள் பின்னால் வரிசையில். பயிற்சியாளரின் உதட்டில் விசில் இருந்தது.

“சார், ஊதாதீங்க!”

அந்தக் குளத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எட்டுப் பேரும் குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பினார்கள்.

“என்னம்மா, உன் கேள்வித்தாளத்தான் குடுத்தாச்சே?”

“சார்... இதுல ஒருத்தருக்குத் தண்ணிக்குள்ள கண்ணு இருட்டுது. மூச்சடக்கற ரவுண்டு வேணாம் சார். ஆபத்து.”

“யாருக்கு? பேரச் சொல்லு, இப்பவே நிறுத்தறேன்.”

“பேர் தெரியாது சார். தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

பயிற்சியாளர் சிரித்துவிட்டு அணியின் பக்கம் திரும்பினார். “யாருக்குடா கண்ணு இருட்டுது? கையத் தூக்கு.”

ஒரு கையும் எழவில்லை. சிலர் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள்.

“பாத்தியா? நம்ம பசங்க இரும்பு. வழிய விடு.”

மாணவிக்குத் திரும்பிப் போய்விடலாம் போலத்தான் இருந்தது. போனால் அடுத்த நொடி விசில் ஊதும் என்பதும் தெரிந்தது.

“சார், நீங்க கேட்டா தூக்கமாட்டாங்க. ஒரே ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. அப்பவும் யாரும் தூக்கலன்னா நான் போயிடறேன்.”

“சரி. ஒரு நிமிஷம். அப்புறம் இந்தப் பக்கமே வரக்கூடாது.”

அவர் உடை மாற்றும் அறையின் சுவரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

“எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. நான் மட்டும்தான் பாப்பேன். பேர் எங்கயும் போகாது. தண்ணிக்கு அடில கண்ணு இருட்டினவங்க மட்டும் கை தூக்குங்க.”

குளத்து நீர் ஓரத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் அசையவில்லை. பத்து நொடி இருக்கும். பிறகு இரண்டாவது மேடையில் ஒரு கை, தோள் வரைக்கும் மட்டும் உயர்ந்தது. பின் வரிசையில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலேயே மூன்றாவது. கடைசி மேடையில் நின்றவன் கையைத் தூக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டான், சத்தம் வராமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். மாணவி ஒருவரைத் தேடித்தான் வந்திருந்தாள்.

“போதும். எறக்கிடுங்க,” என்றாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

“எத்தன?” சுவரைப் பார்த்தபடியே பயிற்சியாளர் கேட்டார்.

“நாலு சார்.”

அவர் திரும்பவில்லை. கட்டியிருந்த கை அவிழ்ந்து தொங்கியது.

“யாரு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “வேணாம். சொல்லாத.”

சுவரைப் பார்த்தபடியே சொன்னார். “போன வாரம் ஒருத்தன் மேல வர்றதுக்கு லேட்டாச்சு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்தது. என்னடான்னு கேட்டேன். நல்லா இருக்கேன் சார்ன்னான். நான் கையத் தட்டினேன்மா.”

அன்று யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. மறுநாள் இருபத்து நான்கு பேரையும் மருத்துவரிடம் அழைத்துப் போவதாக அவர் அறிவித்தார். ஒருத்தர் விடாமல் எல்லோரும், யார் அந்த நாலு பேர் என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. மூச்சடக்கிச் சுற்று இனி கிடையாது என்றார். கேட்டவர்களுக்கு நம்பவே முடியவில்லை. மாணவி தன் அறிக்கையில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது வாங்கிய பதில்கள் செல்லாது, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தாள். பேராசிரியை அதை இரண்டு தடவை படித்துவிட்டு, புதிதாக ஆய்வு செய்ய ஒரு மாதம் அவகாசம் வாங்கித் தந்தார்.

இந்தத் தடவை அவள் தாள்களோடு குளத்துக்குப் போனபோது பயிற்சியாளர் கையை நீட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

“என்னப் பாத்து பயந்தாத்தான் ஒழுங்கா நீந்துவாங்கன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன்மா. பயந்தவன் வேகமாத்தான் நீந்துவான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா முழுகும்போது நம்மளக் கூப்பிடமாட்டான்.”