ஆட்சேபணை ஜன்னல்

அந்த நாட்டில் மக்களைக் கேட்காமல் எந்தச் சட்டமும் போட முடியாது. வேடிக்கை இல்லை, அரசியலமைப்பிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. மசோதாவை ஒன்பது நாள் சுவரில் ஒட்ட வேண்டும். தலைமைச் செயலகத்தின் பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அந்த ஒன்பது நாளும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அதைத் திறந்து வைக்க வேண்டும். ஒரே ஒரு ஆள் வந்து ஆட்சேபணை கொடுத்தால் போதும், மசோதா ஆறு மாதம் நின்றுவிடும். கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் குமாஸ்தா எத்தனை ஆட்சேபணை வந்தது என்று ஒரு மஞ்சள் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். அன்று மாலையே அது சபையில் வாசிக்கப்படும். பதினாலு வருடமாக அட்டையில் ஒரே சொல்தான். இல்லை. நிரந்தரத் தலைவர் வெளிநாட்டு விருந்தாளிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

பதினாலு வருடமும் அதை எழுதியவர் ஒரே ஆள். தெருவில் அவருக்கு ஜன்னல்காரர் என்றே பெயர். மனிதர் கெட்டவர் இல்லை. ஆட்சேபணை கொடுத்தவனை விளக்கம் கேட்க அழைத்துப்போவார்கள், போனவன் திரும்ப மாட்டான் என்பது அவருக்கு முன்னால் இருந்த குமாஸ்தா காலத்திலேயே தெரிந்த கதை. அதனால் ஜன்னலுக்கு யாராவது வந்து நின்றால், "அடடா, படிவம் தீந்துபோச்சே, நாளைக்கு வாங்களேன்" என்பார். குரலில் தேன் ஒழுகும். வந்தவர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு, பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டால் மறுநாள் எங்கே வரப்போகிறார்? இப்படி முப்பத்தோரு பேரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று சாப்பிடும்போது மகளிடம் பெருமையடித்துக்கொள்வார். தீர்ந்துபோன படிவங்களோ கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு கட்டை வீட்டுக்கே கொண்டுவந்து சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தார். நல்ல கெட்டிக் காகிதம்.

அவருடைய மருமகன் பள்ளிக்கூட வாத்தியார். குடிமையியல் பாடத்தில் அந்த ஜன்னலைப் பற்றி ஒரு பத்தி வரும். மற்ற வாத்தியார்கள் வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள். இவன், "இது உங்க உரிமை, மறந்துடாதீங்க" என்று சொல்லித் தொலைத்தான். அழைத்துப்போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. வழக்குப் போடாமல் யாரையும் ஒரு வருடத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்று பழைய சட்டம் ஒன்று எப்படியோ உயிரோடு இருந்தது. அதை நம்பித்தான் மகள் அப்பா வீட்டில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். இன்னும் முப்பத்திரண்டு நாள்தான் என்றிருக்கும்போது சுவரில் புது மசோதா ஏறியது. அந்த ஒரு வருட வரம்பை எடுத்துவிடப் போகிறார்கள்.

எட்டு நாள் அப்பாவும் மகளும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒன்பதாம் நாள் பதினொன்றரை மணிக்கு ஜன்னலுக்குள் ஒரு கை நீண்டது. கட்டைவிரலில் இருந்த பழைய சூட்டுத் தழும்பே அது யார் கை என்று சொல்லிவிட்டது. கையில் பூர்த்தி செய்த படிவம். அதன் நடுவில் எண்ணெய் டப்பாவின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது.

"கறை பட்ட படிவம் செல்லாதும்மா, நாளைக்கு வந்தா புதுசு..." வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"நாளைக்கு ஜன்னல் ஏதுப்பா?"

"உனக்கென்ன பைத்தியமா? உன்னையும் கொண்டுபோயிடுவாங்க."

"போகட்டும். அவர் வெளிய வந்துடுவாருல்ல. நீங்க வாங்கிக்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

வாங்கிக்கொண்டார். "பதிஞ்சிடறேன். சத்தியமா. நீ முதல்ல வீட்டுக்குப் போ."

அவள் ஒரு தடவை அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

மஞ்சள் அட்டையை எடுத்தார். பழக்க தோஷம், பேனா 'இல்' வரை எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினார். கீழே, கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் மகளின் பெயரை எழுதக் கை வரவில்லை. தன் பெயரை எழுதினார். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும்போது முதல் தடவையாக வேலை செய்தது போல் இருந்தது. மகளின் படிவத்தை அங்கே கிழித்துப் போட முடியாது, குப்பைக் கூடையைத் தினமும் சோதிப்பார்கள். நான்காக மடித்துச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினார். வீட்டுக்குப் போனதும் அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு மேலதிகாரி வந்தார். அலுவலகத்தில் அவருக்குக் கையெழுத்து என்று பட்டப்பெயர். எதை நீட்டினாலும் போடுவார்.

"கடைவாய்ப் பல்லு உயிரை எடுக்குதுய்யா," என்றபடியே அட்டையில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் தள்ளி அரக்கு வைத்தார். பெட்டி சபைக்குப் போய்விட்டது. ஜன்னல்காரர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று மாலைவரை காத்திருந்தார். கேட்கவில்லை. அந்தப் பதற்றத்தில் டப்பாவுக்குள் இருந்ததை மறந்தே போனார்.

வீட்டில் ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டார். இத்தனை வருடத்தில் சபை ஒலிபரப்பை அவர் கேட்டதே இல்லை. தான் எழுதியதைத் தானே என்னத்தைக் கேட்பது? மகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆட்சேபணை அட்டை வாசிக்கப்படுகிறது," என்றது சபாநாயகரின் குரல். பிறகு ஒரு கரகரப்பான இருமல். "ஆட்சேபணை இல்லை. மசோதா நிறைவேறியது." கைதட்டல் எழுந்தது.

அந்த இருமல் அவருக்குத் தெரியும், செயலக விழாக்களில் எத்தனையோ தடவை கேட்டது. அந்தச் சபாநாயகர் செத்து இரண்டு வருடம் ஆகிறது. சவ ஊர்வலத்துக்கு அலுவலகமே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது. அப்படியென்றால் இது என்றைக்கோ பதிவு செய்த நாடா. அட்டையை யாரும் படிப்பதே இல்லை. பெட்டியைத் திறப்பார்களோ, அதுவும் இல்லையோ. படிக்கவேண்டிய தேவையே வராதபடி பதினாலு வருடம் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

"அம்மாடி, நான் எழுதினேன்!" சமையலறைக்கு ஓடினார். "என் பேர் போட்டு எழுதினேன். இது பழைய டேப்பும்மா. பேசறவன் செத்துப்போனவன்!"

மகள் திரும்பினாள். ஒரு கையில் திறந்த சாப்பாட்டு டப்பா. இன்னொரு கையில் நான்காக மடித்த படிவம்.

"இல்லம்மா, அது உன் பேர் வெளிய வரக் கூடாதுன்னு..."

"சரிப்பா."

"என்னை நம்பும்மா. நாளைக்கே அதிகாரிகிட்ட போய்..."

"படிவம் தீந்துபோச்சு, நாளைக்கு வாங்கன்னு சொல்லுவீங்களே," என்றாள் மகள். அவள் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. "அதே குரல்லதான் இப்பவும் பேசறீங்க."

படிவத்தைப் பிரித்து, புறங்கையால் நீவி, அலமாரித் தட்டில் பழைய இடத்தில் விரித்தாள். எண்ணெய் டப்பாவை எடுத்து அதே வட்டத்தின்மேல் வைத்தாள். காலண்டரைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜன்னல்காரர் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். எங்கோ ஒருவன் தப்பித்தவறி அந்த அட்டையைப் படித்துவிட வேண்டும், வந்து தன்னைக் கைது செய்துகொண்டு போக வேண்டும் என்று மனம் கெஞ்சியது. அப்போதாவது அவள் நம்புவாள்.

விடிந்தது. யாரும் வரவில்லை. பத்து மணிக்கு ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது, அடுத்த மசோதா சுவரில் ஏறிவிட்டது.