மிரானின் தனி ஸ்பூன்

எங்கள் வீட்டில் குழம்புச் சட்டி நடுவில் இருக்கும். எல்லோருடைய ஸ்பூனும் அதற்குள் போய் வரும். என் கொழுந்தன் தேயுன் கட்டிக்கொண்டு வந்த மிரான் மட்டும், வந்த முதல் நாளே பையிலிருந்து தனி ஸ்பூனும் கிண்ணமும் எடுத்தாள். யாரும் தொடுவதற்கு முன்பே தன் பங்கை எடுத்துக்கொள்வாள். சாப்பிட்டதும் தானே கழுவித் துணியில் சுற்றி வைத்துவிடுவாள்.

என் மாமியாருக்கு அது முள்ளாகக் குத்தியது. "நம்ம எச்சில் அவளுக்கு ஆகாதாம். சியோல்காரியாச்சே! நாம கோசு பயிர் பண்ற கூட்டம்" என்று என்னிடம் புலம்புவார். மிரானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

கோசு ஊறுகாயான கிம்ச்சி போடும் நாள் வந்தது. முற்றத்தில் மலைபோல் கோசு. மிளகாய் விழுதில் முங்கிய கையோடு மாமியார் ஒரு கோசு இலையில் வெந்த பன்றிக்கறியைச் சுருட்டினார். அதைக் கையாலேயே மருமகள் வாயில் ஊட்டினால்தான் அவருக்கு அந்த நாள் நிறையும்.

"ஆ காட்டு, சின்னவளே."

"வயிறு சரியில்ல அத்தை" என்று மிரான் பின்னால் நகர்ந்தாள்.

மாமியாரின் முகம் தொங்கிவிட்டது. சுருளை என் வாயில் திணித்தார். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பெரிய இளவரசி இவள்!

கொஞ்ச நேரத்தில், முள்ளங்கி சீவிக்கொண்டிருந்த மிரான் விரலை அறுத்துக்கொண்டாள். மாமியார் பதறிப்போய் அவள் கையைப் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க!"

மாமியார் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அவ்வளவு அருவருப்பாடி உனக்கு? என் கை என்ன சாக்கடையா?" என்றார் மாமியார்.

"உங்க கை இல்ல அத்தை, என் ரத்தம்! அதுல கிருமி இருக்கு. ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தாக்கறது. பிறக்கறப்பவே அம்மாகிட்டேருந்து வந்தது."

கல்லீரல் என்றதும் மாமியார் வெளுத்துப்போனார். என் மாமனார் கல்லீரல் கெட்டுத்தான் செத்தார்.

"தேயுனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் அக்கா. தடுப்பூசி போட்டுக்கிட்டார். சேர்ந்து சாப்பிட்டா ஒட்டாதுன்னு டாக்டரும் சொல்லிட்டார்."

"அப்புறம் எதுக்கு இந்தத் தனி ஸ்பூன்?"

"முன்னாடி எனக்கு நிச்சயமான வீட்டுல, விஷயம் தெரிஞ்சதும் நான் சாப்பிட்ட கிண்ணத்தை என் கண்ணு முன்னாடியே குப்பையில போட்டாங்க. டாக்டர் என்ன சொன்னாலும் மனசு கேக்கல அக்கா. என்னால இங்க யாருக்காவது வந்துட்டா?"

மாமியார் எழுந்துபோய்ப் புது ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். ரத்தம் பட்ட முள்ளங்கியைக் கொட்டினார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இன்னொரு சுருள் சுருட்டினார், இந்தத் தடவை பெரிதாக.

"பாதியைக் கடி."

"அத்தை, வேணாம்..."

"கடிங்கறேன்ல!"

மிரான் அழுதுகொண்டே கடித்தாள். மீதிப் பாதியை மாமியார் தன் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார்.

"உப்பு பத்தல" என்றார். மிரான் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் கிம்ச்சி ஜாடிகளுக்குப் பின்னால் மாமியார் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"பெரியவளே, நெசமாவே ஒட்டாதில்ல?"

"ஒட்டாது அத்தை. அந்தச் சுருளை வாயில போடறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டுட்டுத் தின்னிருந்தா, அவளுக்கு அந்தக் குப்பையில போட்ட கிண்ணந்தாண்டி ஞாபகம் வந்திருக்கும்."