பஞ்சு நரை

தலை நரைத்து, புருவம் நரைத்து, இமைமயிர்கூட நரைத்து, இருபது வயதுக்காரி ஒருத்தி என் எதிரே வருகிறாள், அவளுக்குப் பின்னால் முந்நூறு கிழவிகள், ஒருத்திக்கும் முப்பதைத் தாண்டியிருக்காது, வரதம்மாள் மில் வாசலில் மூன்றரை மணி வெயிலில் முந்தானையை உதறுகிறார்கள், உதற உதற வயது இறங்குகிறது, கோயமுத்தூரே அன்றைக்கு அப்படித்தான் இருந்தது, காலையில் கருகருவென்று உள்ளே போகிறவன் ஷிப்டு முடிந்து தாத்தாவாக வெளியே வருவான், சிறுவாணித் தண்ணீரை நாலு சொம்பு ஊற்றிக்கொண்டால் மறுபடியும் மாப்பிள்ளை, பஞ்சு அவ்வளவு பறக்கும், எங்கள் மில் கூரையில் குடியிருந்த காக்கைகள் வெளுத்துப்போய், சிங்காநல்லூர்க் குளத்துக் கொக்குகள் அவற்றோடு சம்பந்தம் பேசிவிட்டுப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன், மிஷின் ஓடும் கூடத்தில் தொண்டையைக் கிழித்துக்கொண்டாலும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது, அதனால் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்போம், எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வார், கல்யாணம், சண்டை, யூனியன் தேர்தல், புதுப்படத்துக் கதை, எல்லாம் உதட்டோடு சரி, அப்படித்தான் கோன் வைண்டிங்கில் நூல் சுற்றிக்கொண்டு நின்ற துளசிமணி, நூல் வண்டி தள்ளிக்கொண்டு போன என்னைப் பார்த்து நாற்பதடி தூரத்திலிருந்து முதன்முதலாக உதட்டை அசைத்தாள், ஏனுங், தலையில பஞ்சு, தட்டிட்டுப் போங், நான் தட்டவில்லை, தட்டினால் நாளைக்குச் சொல்ல மாட்டாளே, மூன்று நாள் குளிக்காமலே வேலைக்குப் போனேன், நாலாம் நாள் நாற்றம் தாங்காமல் அவளே வந்து தட்டிவிட்டாள், அந்தக் கை என் தலையில் படுகிறது, படும்போதே யாரோ தோளைத் தொடுகிறார்கள்.

அப்பா, கொஞ்சம் உட்காருங்கப்பா, என்கிறாள் மகள் உமாராணி, நான் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்கிறேன், அந்தப் பக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவு, மூன்றாவது கட்டிலில் துளசிமணி, மூச்சுக்காகத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து ஆறு நாளாயிற்று, அன்றிலிருந்து குரல் இல்லை, இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள், அம்மாவுக்கு மூளை குழம்பிடுச்சுங்க, பேர் கேட்டாக்கூட எங்கேயோ பாக்கறாங்க, குழாயப் பிடுங்கக் கையத் தூக்கறாங்க, சாயங்காலத்துக்குள்ள தெளியலைன்னா ஊசி போட்டுத் தூங்கத்தான் வெக்கணும், என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார், இந்த வயதில் தூங்க வைத்தால் எழுந்திருப்பது அவரவர் விதி என்பதை அவர் வாய் சொல்லவில்லை, மாஸ்க்குக்கு மேலே இருந்த கண் சொல்லிவிட்டது, இந்த ஆஸ்பத்திரி எங்கள் மில் இருந்த மண்ணில்தான் நிற்கிறது, அவள் படுத்திருப்பது அவள் நின்று நூல் சுற்றிய அதே இடம் என்று நான் அடித்துச் சொல்வேன், என்னிடம் அளவுநாடா கேட்காதீர்கள், ஒரு மில்லையா மூடினார்கள், அவினாசி ரோட்டில் ஒன்று, திருச்சி ரோட்டில் ஒன்று என்று விளக்கை அணைத்துக்கொண்டே வந்தார்கள், மாப்பிள்ளை மில்லில் இருக்கிறான் என்றால் ஜாதகம்கூடப் பார்க்காமல் பெண் கொடுத்த ஊர், அப்புறம் மில்காரனுக்கு வாடகைக்கு வீடு தர யோசித்தது, இன்னொரு மில்லில் நூல் பாபின் மாற்றிக்கொண்டிருந்த சென்னியப்பன், அதை இடித்துவிட்டு அங்கேயே எழும்பிய அடுக்குமாடிக்கு வாட்ச்மேனாகி, வேலை முடிந்ததும் பழக்கத்தில் தலையைத் தட்டிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவான், ஒரு மில்லில் புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டுச் சுற்றிக் கடைகள் கட்டினார்கள், பிள்ளைகள் அதன்முன் நின்று போட்டோ எடுக்கிறார்கள், எங்களுக்கும் புதிய ஊருக்கும் பகை ஒன்றுமில்லை, அன்றைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு இருமினோம், இன்றைக்கு அதே இடத்தில் பணம் கட்டி இருமுகிறோம், அவ்வளவுதான், அவள் நெஞ்சில் முப்பது வருஷத்துப் பஞ்சு இருக்கிறது, ஒரு மெத்தைக்கு ஆகும்.

எங்கள் யாரையும் உள்ளே விடாமல் ஆறு நாளாக மூடியிருந்த திரையை இன்றைக்குத்தான் விலக்கினார்கள், அவள் உதடு அசைகிறது, நான் வண்டியை நிறுத்துகிறேன், நாற்பதடி தூரம், மிஷின்கள் ஓடுகின்றன, இல்லை, அது மூச்சு மிஷின், அவள் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள், எங்கீங் போனீங் ஆறு நாளா, வாயில துணியக் கட்டிட்டுப் பேசுனா எனக்கு என்ன வெளங்கும், கழட்டிட்டுப் பேசச் சொல்லுங், மூக்கு அரிக்குது, சொறியப் போனாக் கையக் கட்டிப்போட்டுட்டாங், எனக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது, மில்லிலிருந்து வரும்போதே அவள் காது பாதி போயிருந்தது, மீதியை வயது எடுத்துக்கொண்டது, உதட்டைப் பார்த்துத்தான் கேட்பாள், இங்கே எல்லோர் உதட்டுக்கும் உறை போட்டிருக்கிறது, பதில் சொல்லாதவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று எழுதிவிட்டார்கள், உமா, அம்மா தெளிவா இருக்கிறா, பேசறா, நான் படிச்சேன் கண்ணு, என்றேன், மகள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்பில் வெள்ளைக் காக்காய்க் கதையை டீச்சரிடம் சத்தியம் செய்து சொல்லி முட்டி போட்டவள், அன்றிலிருந்து என் வாயிலிருந்து வருவதை வடிகட்டித்தான் குடிப்பாள், வீட்டில் நாங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் உதட்டில் பேசி சினிமாவுக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா வெற்றிலை மெல்லுகிறாள் என்றே நினைத்திருந்தவள், அப்பா, இது வெளையாடற நேரமில்லீங்கப்பா, என்று அழுதாள், எழுபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு காக்கையையாவது கறுப்பாக விட்டிருக்கலாமே என்று தோன்றியது.

அதற்குள் டாக்டர் ஊசிச் சீட்டோடு வந்துவிட்டார், நான் வழி மறித்து விஷயத்தைச் சொன்னேன், பெரியவரே, ஆறுதலுக்காகச் சொல்றீங்க, எனக்குப் புரியுது, என்றார், பாலக்காட்டு நர்ஸ் ஷைனிதான், ஒண்ணு பரீட்சிச்சு நோக்கலாமே டாக்டரே, எந்தா நஷ்டம், என்று உள்ளே போனாள், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மாஸ்க்கை இறக்கி, துளசிமணியிடம் ஏதோ சொன்னாள், ஆறு நாளில் முதல் தடவையாகக் கட்டிலருகில் ஒரு மனித வாயைப் பார்த்ததும் அவள் முகம் விரிந்தது, குழாயோடு சிரித்தாள், பிறகு என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள், நான் படித்துவிட்டேன், ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை, என்னங்க, தெரியலையா, என்றார் டாக்டர், தெரியுதுங், நீங்க தப்பா நெனைக்கக் கூடாது, என்றேன், சொல்லுங்க, என்றார், உங்களுக்குக் கோவம் வந்தா மூக்கு தக்காளியாட்டம் செவந்துருமுங், அதுக்கு உள்ள இருக்கறவங்க எல்லாம் உங்களுக்குத் தக்காளின்னு பேர் வெச்சிருக்கறாங்களாமுங், என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன், ஷைனி உள்ளிருந்து திரும்பி எங்களைப் பார்த்தவள் டாக்டர் முகத்தைக் கண்டதும் மாஸ்க்கை அவசரமாக மேலே ஏற்றினாள், டாக்டரின் மாஸ்க் மூக்கை மறைத்திருந்தது, காது இரண்டும் சிவந்தன, அவர் சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய், தன் மாஸ்க்கையும் இறக்கி, அம்மா, உங்க பேர் என்னங்க, என்று கேட்டார், அவள் உதடு சொன்னதை நான் இங்கிருந்து சத்தமாகச் சொன்னேன், துளசிமணி.

கட்டை அவிழ்த்தார்கள், அவள் முதலில் மூக்கைச் சொறிந்தாள், வெகுநேரம், ஊர் உலகத்தில் வேறு வேலையே இல்லாதது போல, பிறகு கையை நெற்றிக்கு வைத்து வெயிலைப் பார்ப்பது போல் என்னைப் பார்க்கிறாள், மூன்றரை மணி, ஷிப்டு விடுகிற நேரம், உதடு அசைகிறது, அம்மா என்ன சொல்றாங்கப்பா, என்று கேட்கிறாள் உமாராணி, அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வருவது மூன்றாம் வகுப்புக்கப்புறம் இதுதான், தலையில பஞ்சாமா, தட்டிட்டு உள்ள வரச் சொல்றா, என்றேன், உமாராணி என் தலையைப் பார்த்தாள், பத்து வருஷமாய் ஒரு கறுப்பு மயிர் இல்லாத தலை, நான் குனிந்தேன், அவள் கண்ணைத் துடைத்த அதே கையால் மெதுவாக ஒரு தட்டு, இன்னொரு தட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இருபது வயதுக்காரி சிரிக்கிறாள், திரும்புங்கப்பா, பின்னாடியும் கொஞ்சம் இருக்குது, என்றாள் மகள்.