சுண்ணாம்பு குறைந்த பதநீர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக யோசிக்கவில்லை. அபிஷேக் என்று ஒரு தம்பி மாதப் பத்திரிகை நடத்துகிறார். 'கடற்கரை நகரமும் பக்கத்து ஒயின் தோட்டங்களும்: ஓர் உணவுப் பயணம்' என்று தலைப்பையும் அவரே வைத்து, ஆயிரத்துச் சொச்சம் வார்த்தையில் எழுதித் தரச் சொன்னார். எந்த நாட்டுப் பத்திரிகையைப் பார்த்து இந்த ஆசை வந்ததோ தெரியாது.

கடற்கரைக்குக் குறைவில்லை. நான் இருப்பது கல்பாக்கம் குடியிருப்பில், மாமல்லபுரம் கூப்பிடு தூரம். ஒயின் தோட்டத்துக்கு எங்கே போவேன்? செங்கல்பட்டு மாவட்டத்தில் நான் பார்த்த திராட்சையெல்லாம் ஜிஎஸ்டி சாலைத் தள்ளுவண்டியில்தான் இருந்தது. இதைச் சொன்னதும், 'நம்ம ஊர்ல அதுக்குப் பதிலா என்ன இருக்கோ அதை எழுதுங்க மேடம்' என்றார் அபிஷேக். நம் ஊரில் அதற்குப் பதிலாக இருப்பது பனைமரம்.*

* பனையில் கட்டும் பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள் இங்கே சட்டப்படி ஆகாது. அடிக்குறிப்பைத் தாண்டிப் போகும் பழக்கம் உள்ளவர்கள் இதை மட்டுமாவது படித்துவிடுங்கள். கதை முழுக்க இந்தச் சுண்ணாம்பில்தான் நிற்கிறது.

2

முதல் தொடக்கம்: 'வங்கக் கடலில் சூரியன் மெல்ல—'

வேண்டாம். சூரியன் உதிக்கும்போது நான் விழித்திருந்ததே கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: 'பல்லவர் காலத்திலிருந்தே இக்கடற்கரை உணவுக்கு—'

இதுவும் வேண்டாம். பல்லவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் தொடக்கம்: 'கருங்குழி வரதனுக்கு வயது ஐம்பத்து நான்கு. கோவளம் மார்கரெட்டிடம் என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்க மூன்று வருடமாக முயன்றுகொண்டிருக்கிறார்.'

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

வரதனிடம் பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்று இருக்கிறது. பதநீர் இறங்கும் காலத்தில் ஞாயிறுதோறும் எங்கள் குடியிருப்பு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு சாப்பாட்டுச் சுற்று கூட்டிப்போவார். காலையில் கருங்குழித் தோப்பில் பதநீரும் நுங்கும். மதுராந்தகத்தில் இட்லி, ஏரிக்கரையில் ஒரு நடை. மாமல்லபுரத்தில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை. பகல் பன்னிரண்டுக்குக் கோவளத்தில் மார்கரெட்டின் மீன் மெஸ். கடைசி நிறுத்தத்துக்காகத்தான் மற்ற நிறுத்தங்களே என்பது வண்டியில் ஏறும் எல்லோருக்கும் தெரியும்.

மார்கரெட்டுக்கு நாற்பத்தொன்பது. கணவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. வரதனின் மனைவியும் இப்போது உயிரோடு இல்லை. மார்கரெட்டின் மகன் சாம் சிறுசேரியில் கணினி வேலையில் இருக்கிறான். அவனுக்கும் விஷயம் தெரியும், சீக்கிரம் கேட்டுத் தொலையட்டும் என்பது அவன் கட்சி. வரதனுக்கு நம்பிக்கை கொடுத்தது ஒரே ஒரு விஷயம். மார்கரெட் மீன்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர்காரர் வரை எல்லோரையும் 'அண்ணாத்த' என்றுதான் கூப்பிடுவார். வரதனை மட்டும் மூன்று வருடமாக 'டிரைவரே' என்கிறார். அண்ணன் ஆக்காமல் விட்டு வைத்திருக்கிறாரே என்று வரதன் என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

3

[இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். நான்கிலும் நான் நல்லவளாகத் தெரிந்ததால் சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.]

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. வரதன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். முன் இருக்கையில் இருந்த என்னிடம், இன்றைக்குக் கேட்டுவிடப் போவதாக மெதுவாகச் சொன்னார். தோப்பில் மரமேறும் முனிசாமி பனையோலைப் பட்டையில் ஊற்றித் தர, நாங்கள் பத்துப் பேரும் வயிறு முட்டக் குடித்தோம். மார்கரெட்டுக்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் கேன் நிரம்பி வண்டியின் பின்சீட்டுக்கு அடியில் போனது. இதுவும் வாராவாரம் நடப்பதுதான். அன்று கேனை ஊற்றும்போது முனிசாமியும் வரதனும் ஏதோ வாதாடினார்கள். நான் நுங்கில் மும்முரமாக இருந்தேன்.

மாமல்லபுரத்தில் தாமதமானது. ஒன்றரை மணி நேரம். (காரணம் நான். சிற்பக் கடையில் ஒரு கல் ஆமைக்குப் பேரம் பேசினேன். கடைசியில் வாங்கவும் இல்லை.) வெளியே நிறுத்திய வேன் அனலில் வெந்தது.

கோவளம் சேர்ந்தபோது ஒன்றரை. மெஸ்ஸில், சர்ச்சில் பூசை முடிந்து வந்த பங்குக்காரர்கள் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு இதமாக ஆளுக்கு ஒரு டம்ளர் பதநீர் தரலாம் என்று மார்கரெட் கேனின் மூடியைத் திருகினார். மூடி படாரென்று எகிறி மின்விசிறியில் அடித்தது. நுரை பொங்கி மேசையில் வழிந்து பெரியவர்களின் மடியில் இறங்கியது. அதன் வாடை வந்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும் விரலை நனைத்து நாக்கில் வைத்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. மார்கரெட்டின் கணவர் குடித்தே செத்தவர். மெஸ் வாசலிலேயே 'குடித்துவிட்டு வருபவர்களுக்குச் சாப்பாடு இல்லை' என்று எழுதிப் போட்டிருப்பார். அதைப் பல தடவை படித்தும் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

மார்கரெட் கேனைத் தூக்கிப்போய் வெளியே மணலில் கொட்டினார். புளி போட்டு மூன்று முறை கழுவினார். துடைத்து வரதன் கையில் கொடுத்தார்.

"டிரைவரே, இந்த வாட இந்த வூட்ல வந்து பதினோரு வருசம் ஆச்சு. நீ எத்துகினு வருவன்னு நான் நெனைக்கல."

அதற்குப் பிறகும் எங்கள் பத்துப் பேருக்கும் இலை போட்டார். வரதனுக்கும் போட்டார். நண்டு மசாலா எப்போதும்போல் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். வரதன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிட்டு எழுந்தார். கேள்வி கேட்கப்படவில்லை.

4

கல்பாக்கத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு நான் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். எப்படி நடந்தது என்று கேட்டேன். வரதன் வண்டியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

முந்தின வாரம் மார்கரெட் ஒரு வாய் குடித்துவிட்டு, சுண்ணாம்பு தூக்கலாக இருக்கிறது, நாக்கு எரிகிறது என்றாராம். போகிறபோக்கில் சொன்னதுதான். வரதன் அதை ஒரு வாரம் சுமந்து திரிந்து, மார்கரெட்டுக்குப் போகும் பானைகளுக்கு மட்டும் சுண்ணாம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இங்கேயே குடிப்பதென்றால் சரி, வண்டியில் இத்தனை தூரம் தாங்காது என்று முனிசாமி தடுத்திருக்கிறார். நேரத்துக்குப் போய்விடலாம் என்று இவர் நினைத்தார். நடுவில் என் ஆமை வந்தது.

இதை மார்கரெட்டிடம் அங்கேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எப்டி மேடம் சொல்றது? நீ சொன்னதாலதான் இப்டி ஆச்சுன்னு அது தலைல பழிய போட்ட மாறி ஆயிடும்ல. அதுவே நொந்து போயி நின்னுகினு கீது."

எனக்கு என் ஆமைமேல் ஆத்திரம் வந்தது. அதே சமயம், என் தொழில் புத்தியைப் பாருங்கள், இது கதைக்கு ஆகும் என்றும் தோன்றியது. எழுதலாமா என்று கேட்டும்விட்டேன். வரதன் நன்றாக யோசித்துவிட்டு அனுமதி தந்தார். தாராளமாக எழுதலாம், பெயர்கூடப் போடலாம். சுண்ணாம்பை மட்டும் விட்டுவிட வேண்டும்.

5

காரணத்தை எடுத்துவிட்டுக் கதை எழுதச் சொன்ன கதாபாத்திரம் எனக்கு வாய்த்தது இதுவே முதல்முறை. முயன்றேன்.

முடிவு ஒன்று: முனிசாமி சுண்ணாம்பு தடவ மறந்துவிட்டதாக எழுதினேன். முனிசாமிக்கு இது எட்டினால் பாளை சீவும் கத்தியோடு கல்பாக்கம் வந்துவிடுவார். நியாயமும் அவர் பக்கம்தான். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: பெரியவரின் தீர்ப்பைக் கேட்டு மார்கரெட் சிரித்துவிடுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், அடுத்த பத்தியில் பேண்டு வாத்தியம். எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. படித்தபோது மார்கரெட்டுக்குச் செய்த துரோகமாகப் பட்டது. அந்த வாடைக்கு அவர் சிரிக்க மாட்டார்.

முடிவு மூன்று: 'ஆண்டுகள் கழிந்தன. அலைகள் மட்டும் இன்னும்—' மன்னிக்கவும்.

நடுவில் வரதன் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழி போடக் கூடாது என்கிறாரே, மனுஷன் அவ்வளவு பெருந்தன்மையா? வெறும் பயமாக இருக்கக் கூடாதா? அந்த ஞாயிறுக்குப் பிறகு மூன்று வாரமாகச் சுற்றை மாமல்லபுரத்தோடு முடித்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். போன் செய்து நேராகவே கேட்டேன். இரண்டும்தான் என்றார், கொஞ்சமும் கூசாமல். அந்தப் பதிலுக்குப் பிறகு அவரை நான் சந்தேகிக்கவில்லை.

6

புதன்கிழமை பஸ் பிடித்துக் கோவளம் போனேன். மாங்காய் போட்ட சங்கரா மீன் குழம்பு சாப்பிடத்தான் போனேன் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை. வேவு பார்க்கத்தான் போனேன்.

மூன்று மணிக்குமேல் கூட்டம் ஓய்ந்து, மார்கரெட் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அவர் கையில் இருந்தது அபிஷேக்கின் பத்திரிகை. சாம் சந்தா கட்டியிருக்கிறானாம். அட்டை முதல் விளம்பரம் வரை ஒன்று விடாமல் படித்துவிடுவாராம், கதையென்றால் இரண்டு தடவையாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"உங்க டிரைவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?"

நன்றாக இருக்கிறார் என்றேன். எழுந்துபோய், ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு முறை துடைத்தார்.

"நல்லா கீறவரு வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போவக் கூடாதா? நான் கேனைத்தான் கழுவிக் குடுத்தேன். வராதன்னு சொல்லலியே."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தெளிந்துவிட்டது. இந்தக் கதையை எத்தனை பேர் படித்தாலும் ஒருவர் படிப்பதற்காகத்தான் எழுதுகிறேன். அவரிடம் காரணத்தை மறைத்தால் பிறகு இதை எழுதி என்ன பயன்? அன்றே உட்கார்ந்து நான்காம் பகுதியைச் சுண்ணாம்போடு எழுதினேன். வாக்கை மீறினேன். மீறியதை ஒளிக்கவும் மனம் வராமல் வரதனுக்குப் போன் போட்டு, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வரதன் கோவளம் வருவார் என்று கடைசியில் நானாகவே ஒரு வரி சேர்த்திருந்தேன். அதையும் வாசித்தேன்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வரதன் சொன்னது வேறு.

"பதினோரு மணின்னு போட்டுக்கீறீங்க மேடம். பன்னெண்டுன்னு மாத்துங்க. பதினொண்ணுக்கு அது நண்டு கழுவிகினு இருக்கும், பேச முடியாது."

மாற்றிவிட்டேன்.

ஆகவே, மார்கரெட்டக்கா. இந்த இதழ் உங்கள் கைக்கு வந்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, வரதனின் வண்டி உங்கள் மெஸ் வாசலில் நிற்கும். பயணிகள் யாரும் இருக்க மாட்டார்கள். நானும் வர மாட்டேன், ஆசையாகத்தான் இருக்கிறது. நாக்கு எரிகிறது என்று நீங்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் அதைக் கேட்டு நடந்ததிலும் இல்லை. தப்பு முழுக்க அந்தக் கல் ஆமையுடையது. உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் அதையும் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுங்கள். இந்த மூன்று வாரம்போல் இன்னொரு மூன்று வாரத்தை அந்த மனுஷன் தாங்க மாட்டார்.

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் கோவளம் போய்ச் சாப்பிட்டுவிட்டு விசாரித்துக்கொள்ளுங்கள். நான் கடைசிப் பத்தியைத் தொடங்கி வைக்கிறேன், முடிப்பதற்கு எனக்கு உரிமையில்லை:

வரதன் வண்டியை நிறுத்தினார். வெறுங்கையோடு படியேறினார். கேட்டார். மார்கரெட்